வால்வு லீக்குக்கு கிளிப்: தொண்டை வழியாக எக்கோ அவசியமா?

செல்வி_மதுரை:
அப்பாவுக்கு 74 வயது. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வில் கடுமையான லீக். ஏற்கெனவே பைபாஸ் ஆனவர், மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடை ரத்தக்குழாய் வழியாக கிளிப் போட முடியுமா பார்க்கலாம் என்கிறார்கள். நெஞ்சில் வைத்துப் பார்க்கும் எக்கோ (இதய ஸ்கேன்) இரண்டு தடவை எடுத்தாயிற்று. இப்போது தொண்டைக்குள் குழாய் விட்டும் பார்க்க வேண்டுமாம். அப்பா பயந்துபோய் இருக்கிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தே தூங்குகிறார். அவரை இன்னும் சிரமப்படுத்த வேண்டுமா?

கண்ணன்77:
என் அம்மாவுக்கு எடுத்தார்கள். தொண்டையில் கசப்பாக ஒரு ஸ்ப்ரே, கையில் லேசான மயக்க ஊசி. அப்புறம் எதுவுமே அவருக்கு நினைவில்லை. மறுநாள் வரை தொண்டை கரகரவென்று இருந்தது, அவ்வளவுதான்.

எக்கோ_அறை:
பதினொரு வருடமாக எக்கோ பார்க்கிறேன், கிளிப் போடும்போது கேத் லேபிலும் (ரத்தக்குழாய் வழியாக இதய சிகிச்சை செய்யும் அறை) நிற்கிறேன். அவசியம் எடுங்கள் அக்கா.

உணவுக்குழாய் இதயத்தின் இடது மேலறையை ஒட்டியே இறங்குகிறது. நடுவில் விலா எலும்போ நுரையீரல் காற்றோ மறைக்காது. லீக் நடுவிலா ஓரத்திலா, வால்வின் இதழ் கிளிப்பில் பிடிபடும் நீளமா, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று அதில்தான் துல்லியமாகத் தெரியும். கிளிப் இரண்டு இதழ்களையும் நடுவில் சேர்த்துப் பிடிப்பதால் வால்வின் வாய் சிறுத்துவிடும். அதனால் திறப்பு 4 சதுர செ.மீ.க்குக் குறைவு என்றால் டாக்டர்கள் தயங்குவார்கள்.

கிளிப் போடும்போதும் அதே குழாய் உள்ளே இருக்கும். எக்ஸ்ரே திரையில் கிளிப் பளிச்சென்று தெரியும், இதழ் தெரியவே தெரியாது. கிளிப் இடது பக்கம் போக வழி செய்ய, முதலில் மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரை ஊசி முனையால் அழுத்துவார்கள். சுவர் கூடாரம் மாதிரி குவிந்து நிற்கும். அந்த நுனியிலிருந்து வால்வு வரை நான் அளந்து சொல்வேன். சுமார் 4 செ.மீ. உயரம் வேண்டும். தாழ்வாகத் துளைத்துவிட்டால் கிளிப்பைத் திருப்ப இடம் போதாது. இரண்டு இதழும் கிளிப்பின் கைகளில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் “மூடலாம்” என்பேன். அந்த நொடியில் அறையில் ஒருவரும் பேசமாட்டார்கள். மூடியதும் எக்கோ திரையில் லீக்கைக் காட்டும் நிறம் சுருங்குவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இன்னொன்று. 2018-இல் இதயம் பலவீனமாகி லீக் வந்தவர்களிடம் கிளிப்பைச் சோதித்த இரண்டு ஆய்வுகள் வெளியாயின. அமெரிக்கா, கனடாவில் 614 பேரிடம் நடந்த கோஆப்டில் நல்ல பலன். பிரான்சில் நடந்த மைட்ரா எஃப்ஆரில் பலன் தெரியவில்லை. லீக் எவ்வளவு, இதயம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்த்து ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் வித்தியாசம் என்று பலர் சொல்கிறார்கள். அதனால் அப்பாவுக்கு இது பொருந்துமா என்பதே எக்கோ அளவுகளைப் பொறுத்தது.

செல்வி_மதுரை:
இப்போதுதான் புரிகிறது தம்பி. அப்பாவுக்கு மேல்வரிசை பல்செட். மாத்திரை விழுங்கும்போது சில நேரம் நெஞ்சில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்பார். சொல்ல வேண்டுமா?

எக்கோ_அறை:
கட்டாயம் சொல்லுங்கள். விழுங்கச் சிரமம் என்றால் குழாய் விடும் முன் உணவுக்குழாயைப் பரிசோதிக்கச் சொல்லக்கூடும். பல்செட்டை அன்று கழற்றிவிட வேண்டும். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிட்டால் அந்தச் சீட்டையும் கொண்டுபோங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.