தோள் முந்துகிறது, இடுப்பு வர மறுக்கிறது

வணக்கம் நண்பர்களே. ஊட்டியில் கோல்ஃப் பழகி எட்டு மாதம் ஆகிறது. வலது கைக்காரன். அடிக்கிற பந்தெல்லாம் வலப்பக்கம் வளைந்து கற்பூர மரங்களுக்குள் போய்விடுகிறது.

மட்டையைப் பின்னால் தூக்கும்போது தோள் 90 டிகிரி, இடுப்பு 45 டிகிரி திரும்பவேண்டும் என்கிறார்கள். சரி, அது ஓரளவு வருகிறது. இறக்கும்போதுதான் கோளாறு. இடுப்பு முதலில் திரும்புவதற்குள் வலது தோள் பாய்ந்துவிடுகிறது. மட்டை பந்துக்கு வெளியிலிருந்து என் உடம்புப் பக்கமாக உள்ளே வெட்டுகிறது. புல் பெயர்ந்த தடம்கூட இலக்குக்கு இடப்பக்கம்தான் காட்டுகிறது. பந்து என் கால் நிற்கிற இடத்தைவிட மேட்டில் இருந்தால் மட்டும் நேராகப் போகிறது!

இடுப்பை முந்தவைக்க, வீட்டிலேயே செய்கிற பயிற்சி ஏதாவது உண்டா? வயது 52, முதுகுவலியும் உண்டு. பார்த்துச் சொல்லுங்கள்.