புதுப்பிப்பு: அப்பாவின் கால், இரண்டு தவறுகள், யார் பொறுப்பு?

வேளச்சேரியில் வேன் மோதி அப்பாவின் கால் முறிந்ததையும், மாவுக்கட்டு இறுக்கமாகி நிலைமை மோசமானதையும் முன்பு எழுதியிருந்தேன். "ஆஸ்பத்திரி தப்புக்கு நாங்கள் ஏன் கொடுக்கணும்?" என்றது வேனின் இன்சூரன்ஸ் தரப்பு. "விபத்தே காரணம்" என்றது ஆஸ்பத்திரி.

நேற்று வக்கீல் அம்மாவைப் பார்த்தோம். அவர் விளக்கியது இது: ஒரே விபத்துக்கு இருவர் சேர்ந்து காரணமென்றால், முழு இழப்பீட்டையும் யாராவது ஒருவரிடமே கேட்கலாம். 2015-ல் கேன்யெய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. ஆனால் எங்களுடையது வேறு: இரண்டு தவறும் வேறு வேறு நேரத்தில் நடந்தவை. முறிவுக்கு வேன்காரர் பொறுப்பு. அதற்கு வைத்தியம் தேவைப்படும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. அதனால் வைத்தியத்தில் கூடிய பாதிப்பும் அவர் கணக்கில் வரலாம். ஆஸ்பத்திரியின் கவனக்குறைவு மிக மோசமாக இருந்தால் மட்டும், விபத்துக்கும் கூடிய பாதிப்புக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிட்டது என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதாடும். ஆஸ்பத்திரியோ, தான் கூட்டிய பாதிப்புக்கு மட்டும்தான் பதில் சொல்லணும்.

அப்போ எவ்வளவு கூடியது என்று காட்டணுமே? ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட் (சிகிச்சைக் குறிப்பு) நகலை வக்கீல் மேஜையில் விரித்தார். இரவு 11.40: "கடும் வலி, விரல்கள் நீலம்". அடுத்த வரி காலை 7.15. நடுவில் ஒன்றுமில்லை. அந்த ராத்திரி முழுக்க "எரியுதுடா" என்று அப்பா அழுததை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

விபத்து மனு தீர்ப்பாயத்துக்கு, ஆஸ்பத்திரி மேல் புகார் நுகர்வோர் ஆணையத்துக்கு. நுகர்வோர் புகாருக்கு 2 வருடக் கெடு உண்டு. திங்கட்கிழமை கையெழுத்து.