பினாங்கு கரையோரம்: கண்ணைவிட்டுப் போகாத ஒரு காட்சி

பிறைக்காரன்:
பினாங்குத் தீவைச் சுற்றிப் பார்க்க வர்றவங்க கவனிக்க வேண்டியதைச் சொல்ல, எனக்கு மறக்காத காட்சியிலிருந்தே தொடங்குறேன். தீவுக்கு ஃபெரி கிளம்பும் எதிர்க்கரை பட்டர்வொர்த் ஜெட்டி வாசலில், பின் சீட்டு நிறையப் பிள்ளைகளோடு வந்த கார் ஒன்று ரிவர்ஸ் எடுத்துத் திரும்பிப் போச்சு. கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்த முகங்கள்! 2023இல் வந்த நாலு புது ஃபெரியும் கார் ஏற்றாது. ஆள், மோட்டார் சைக்கிள், சைக்கிள், அவ்வளவுதான். காரைப் பக்கத்துப் பஸ், ரயில் நிலையமான பினாங்கு சென்ட்ரலில் விட்டுட்டு, இணைப்புப் பாலத்தில் நடந்து வாங்க. தீவுக்குக் காலையில் கடக்கணும்: வெயில் முதுகுக்குப் பின்னால், ஜார்ஜ் டவுன் முழுக்க எதிரே பளிச்சென்று. பினாங்குப் பாலம் பார்க்க ஃபெரியின் இடது பக்கம். சாயங்காலம் போனால் சூரியன் கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) பின்னால் இறங்கும், கொம்தார் கோபுரக் கட்டடம் வெறும் கறுப்புத் தூண்.

வெல்ட் கீ அக்கா:
ஃபெரியை விட்டு இறங்கி இடது பக்கம் நடந்தால், கடல்மேல் கால் ஊன்றிக் கட்டிய சீனக் குலத்தார் குடியிருப்புகள்: முதலில் லிம் ஜெட்டி, அடுத்து சியூ, அதற்கப்புறம் டான். எல்லாரும் சியூவிலேயே நின்னுடுறாங்க. டான் ஜெட்டியின் பலகைப் பாதைதான் கடலுக்குள் நீளமாகப் போகும். கிழக்கு பார்த்தது, அதனால் விடியல் அங்கேதான். ஊரிலிருந்து வர்ற சொந்தக்காரங்க அஞ்சரைக்கே எழுப்புவாங்க. இங்கே ஏழுக்கு மேலதான் சூரியன் எட்டிப் பார்க்கும், தூங்கவிடுங்க.

ஒன்று கவனிங்க, நீர் வற்றிய நேரத்தில் போனால் வீடுகளைத் தாங்கும் கால்களும் சேறும்தான் தெரியும், வாடையும் தூக்கும். படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும். ஓதம் (கடல் ஏறி வற்றும் நேரம்) நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும், நேற்று போனவர் சொன்ன நேரத்தை நம்பாதீங்க. திறந்த வாசலுக்குள் கேமராவை நீட்டவும் வேண்டாம், அது அவங்க வீட்டுக் கூடம்.

தைப்பிங் தம்பி:
கொடிமலை ரயிலில் நடு ஸ்டேஷனில் மாறி ஏறும்போது இடம் கிடைக்காது. கடைசிப் பெட்டிக்கிட்ட நில்லுங்க.

ஆயர் ஈத்தாம்:
தம்பி, எந்தக் காலத்தில் போனீங்க? மாறுவதெல்லாம் பழைய ரயிலோடு போச்சு. 2010இல் மூடி 2011இல் திறந்ததிலிருந்து ஒரே வண்டி, நேரே உச்சி. ஒரே தண்டவாளம்தான், நடுவில் பிரியும் இடத்தில் எதிர் வண்டி உரசுகிற மாதிரி கடக்கும். அதைப் பார்க்க முன் கண்ணாடியோரம் நிற்கணும்.

கூட்டம் ஏறும்போது மட்டும் இல்லை. ராத்திரி ஊர் விளக்கு பார்த்துட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கப் பார்ப்பாங்க, மேலே வரிசை அப்போதான் நீளும். மலேசியர்கள் மைகார்டை (அடையாள அட்டை) மறந்தால் டிக்கெட் விலை கூடும். 204 பஸ் ஜெட்டியிலிருந்து மலையடிவாரம் வரை வரும், காசாகக் கொடுத்தால் மீதி கிடைக்காது, சில்லறையாக வைங்க. மேலே அருளொளி திருமுருகன் கோயிலைத் தாண்டிப் போறவங்கதான் அதிகம், பாவம்.

நடந்து இறங்குவதா இருந்தால் (யாரும் கேட்கலை, தெரியும்) ஜீப் பாதை 5 கிலோமீட்டர், தாவரவியல் பூங்காவில் போய் முடியும். இறக்கம் செங்குத்து. கால்விரல் ஷூ முனையில் இடிச்சு நகம் கறுக்கும். நாடாவைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டி, பாதையில் குறுக்கும் நெடுக்குமாக இறங்குங்க. மழைக்குப் பின் பாசி வழுக்கும். ஜீப் வரும், காதில் பாட்டு வேண்டாம்.

பிறைக்காரன்:
அண்ணே, பூங்காவில் முடியுதுன்னா பக்கத்திலேயே தண்ணீர்மலை முருகன் கோயில். இறங்கின முட்டியோடு 513 படி ஏற நினைக்கிறாங்களே, அதைச் சொல்லலையே. படியை முதல்ல ஏறணும், அதுவும் விடியக்காலை. பதினொரு மணிக்கு வெறுங்காலில் கல்லைத் தொட்டுப் பாருங்க.

ஆயர் ஈத்தாம்:
சாக்ஸ் போட்டுக்கலாமே.

வெல்ட் கீ அக்கா:
சாக்ஸோடு படியில் சறுக்கினால் யார் பிடிக்கிறது?