2023 ஏஞ்சல்ஸ்: ஓஹ்தானியை ஜூலையிலேயே விட்டுக் கொடுத்திருக்கணுமா?

மேட்டுப்பந்து:
அமெரிக்க பேஸ்பால் அணியான லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் பத்திப் பேச்சு வந்தாலே "ஓஹ்தானியை வச்சுக்கிட்டது சரிதான், நேரம் சரியில்ல, அவ்வளவுதான்"னு முடிச்சிடறாங்க. நேரத்து மேல பழி போட முடியாது. தேதி வாரியா பாருங்க.

ஜூலை 26, 2023: பந்தும் வீசி பேட்டும் பிடிக்கற ஷோஹெய் ஓஹ்தானியை டிரேட் பண்ண, அதாவது வேற அணிக்கு மாத்திக் கொடுக்கப் போறதில்லைன்னு செய்தி வந்தது. அதே ராத்திரி வைட் சாக்ஸ்கிட்ட இருந்து லூகாஸ் ஜியோலிட்டோவையும் ரெய்னால்டோ லோபெஸையும் வாங்கினாங்க. கொடுத்தது கேட்சர் எட்கர் குவேரோ, இடக்கை பிட்சர் கை புஷ். மறுநாள் டெட்ராய்ட்ல இரட்டை ஆட்டம். முதல் ஆட்டத்துல ஓஹ்தானி ஒரே ஒரு ஹிட் கொடுத்து ஒன்பது இன்னிங்ஸும் போட்டார், ரெண்டாவதுல ரெண்டு ஹோம் ரன். அணி 54 வெற்றி, 49 தோல்வி. ஜூலை 30 அன்னிக்கு ராக்கீஸ்கிட்ட இருந்து சி.ஜே. க்ரான், ராண்டல் கிரிச்சக். டிரேடுக்குக் கெடு நாளான ஆகஸ்ட் 1 காலையில 56-51.

அதுக்கப்புறம் 17 வெற்றி, 38 தோல்வி. முடிவு 73-89. டிசம்பர்ல ஓஹ்தானி டாட்ஜர்ஸோட 10 வருஷம், 70 கோடி டாலர்னு கையெழுத்துப் போட்டுட்டார். ஏஞ்சல்ஸுக்கு மிஞ்சினது 2024 டிராஃப்ட்ல (புது இளம் ஆட்டக்காரர்களை அணிகள் முறை வச்சுத் தேர்ந்தெடுக்கறது) 74ஆவது தேர்வு. உலகத்துலேயே விலை மதிப்பு அதிகமான ஆட்டக்காரருக்குப் பதில் 74ஆவது தேர்வு! இதுல எதைச் சரின்னு சொல்றது?

கேட்சர்_மாஸ்க்:
முடிவு தெரிந்த பிறகு பின்னோக்கிக் கணக்குப் போடுகிறீர்கள். ஆகஸ்ட் 1 அன்று கையில் இருந்த தகவலை மட்டும் வைத்துப் பேசலாம். அன்று பிளேஆஃபுக்கு (சீசன் முடிந்தபின் நடக்கும் இறுதிச் சுற்றுகள்) வழி தரும் மூன்றாவது வைல்ட் கார்டு இடத்துக்கு மூன்று நான்கு ஆட்டம்தான் பின்தங்கியிருந்தார்கள். மீதம் 55 ஆட்டங்கள். 2014-க்குப் பிறகு பிளேஆஃப் பார்க்காத அணி அது.

அதைவிட முக்கியமானது, ஓஹ்தானிக்குச் சந்தையில் என்ன கிடைத்திருக்கும் என்பது. அவர் இரண்டு மாத வாடகை ஆட்டக்காரர், ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிறது. 2012 முதல் உள்ள விதிப்படி, சீசன் நடுவில் டிரேட் ஆனவருக்கு எந்த அணியும் குவாலிஃபையிங் ஆஃபர் (ஒப்பந்தம் முடிந்தவருக்கு அணி தரும் ஒரு வருட ஒப்பந்தம்; மறுத்து வேறு அணிக்குப் போனால் டிராஃப்ட் தேர்வு இழப்பீடாகக் கிடைக்கும்) கொடுக்க முடியாது. அதாவது வாங்கும் அணிக்கு அந்த இரண்டு மாதமும் ஒரு பிளேஆஃபும்தான். நவம்பரில் அவர் வெளியேறினால் இழப்பீட்டு டிராஃப்ட் தேர்வுகூடக் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு எந்த பொது மேலாளர் தன் பண்ணையின் (மைனர் லீக்கில் வளரும் இளைஞர்கள்) முதல் மூன்று பேரைத் தருவார்?

2018 ஜூலையில் ஓரியோல்ஸ் மேனி மச்சாடோவை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 26, ஷார்ட்ஸ்டாப், உச்ச ஃபார்ம். ஐந்து பேர் வந்தார்கள்: யூஸ்னியல் டியாஸ், டீன் க்ரெமர், ஜாக் பாப், ரைலன் பானன், ப்ரேவிக் வலேரா. பெரிய பெயர் டியாஸ்தான், அவர் தேறவில்லை. ஓரியோல்ஸில் நிலைத்தவர் க்ரெமர் ஒருவரே, அதுவும் ரொடேஷனின் (முறை வைத்து ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள்) நடுவில். வாடகை ஆட்டக்காரருக்கான விலை இதுதான்.

மேட்டுப்பந்து:
மச்சாடோவைச் சொன்னீங்க, சாப்மனை ஏன் விட்டுட்டீங்க? 2016ல யாங்கீஸ் அரோல்டிஸ் சாப்மனை கப்ஸுக்குக் கொடுத்தாங்க. அவரும் ரெண்டு மாச வாடகைதான், ஒரு ஆட்டத்துக்கு ஒரு இன்னிங்ஸ் போடற ரிலீவர். வந்தவர்கள்ல கிளேபர் டோரஸ் இருந்தார். டோரஸ் பின்னாடி யாங்கீஸுக்காக ரெண்டு தடவை ஆல் ஸ்டார். ஒரு ரிலீவருக்கே இது கிடைச்சதுன்னா?

2023 ஜூலை கடைசியில சந்தை எப்படி இருந்ததுன்னும் பாருங்க. மெட்ஸ் 39 வயசு ஷெர்சரை ரேஞ்சர்ஸுக்குக் கொடுத்து லூயிஸ்ஆஞ்சல் அகுனாவை வாங்கினாங்க. 40 வயசு வெர்லாண்டரை ஆஸ்ட்ரோஸுக்குக் கொடுத்து ட்ரூ கில்பர்ட், ரையன் கிளிஃபோர்டு. வாங்கறவங்க வாரிக் கொடுத்த வாரம் அது.

இன்னொண்ணு, ஓஹ்தானி ஒரே ரோஸ்டர் இடத்துல ரெண்டு பேர். வாங்கற அணிக்கு ஒரு முதல் தர ஸ்டார்ட்டரும் நாலாவது வரிசைக்கு மேல ஆடற பேட்டரும் ஒரே சம்பளத்துல கிடைக்கறாங்க. அந்த வருஷம் 44 ஹோம் ரன், ஓபிஎஸ் (பேட்டிங் திறன் அளவு) 1.066. பந்துவீச்சுல 132 இன்னிங்ஸ், 167 ஸ்ட்ரைக் அவுட், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக் கொடுக்கற சராசரி ரன்) 3.14. இவரை மச்சாடோவோட வச்சு எடை போடறது பொருந்தாது.

கேட்சர்_மாஸ்க்:
மெட்ஸ் உதாரணத்தில் பாதியை விட்டுவிட்டீர்கள். ஷெர்சர், வெர்லாண்டர் இருவரும் 2024-க்கும் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள், வாடகை இல்லை. மேலும் அந்த இளைஞர்களை மெட்ஸ் பணம் கட்டி வாங்கியது. ஷெர்சருக்கு மட்டும் 3.5 கோடி டாலர் அளவுக்குச் சம்பளத்தை மெட்ஸே ஏற்றது. ஏஞ்சல்ஸின் உரிமையாளர் ஆர்டே மொரேனோ அப்படிச் செய்பவர் அல்ல.

பந்துவீச்சுக்கும் வருகிறேன். ஆகஸ்ட் 23 அன்று ஓஹ்தானியின் முழங்கைத் தசைநார் கிழிந்தது. செப்டம்பர் 3-க்குப் பிறகு வயிற்றோரத் தசையும் பிடித்துக்கொண்டு பேட்டும் பிடிக்கவில்லை. வாங்கிய அணிக்கு மூன்று வாரப் பந்துவீச்சுதான் கிடைத்திருக்கும். 2018-இல் ஒருமுறை முழங்கை அறுவை நடந்த கை அது. வாங்குபவர்களின் மருத்துவக் குழு அந்தப் படங்களைப் பார்க்காமல் கையெழுத்திடாது. விலை அங்கேயும் குறையும்.

சம்பளப்பட்டியல்:
ரெண்டு பேரும் டிரேட் மதிப்பிலேயே நிக்கறீங்க. ரோஸ்டர் எப்படிக் கட்டப்பட்டதுங்கறதுதான் என் பார்வையில அடிப்படை. லக்சுரி டாக்ஸ் (சம்பள மொத்தம் வரம்பைத் தாண்டினா அணி கட்டற வரி) கணக்கைப் பாருங்க.

2023 வரம்பு 23.3 கோடி டாலர். இந்தக் கணக்குக்கு அந்த வருஷம் கையில கொடுக்கற சம்பளம் வராது, ஒப்பந்தத்தோட ஆண்டு சராசரிதான் வரும். ஏஞ்சல்ஸோட மத்த ரெண்டு நட்சத்திரங்கள்ல டிரௌட் 12 வருஷம் 42.65 கோடி, சராசரி 3.55 கோடி. ரெண்டோன் 7 வருஷம் 24.5 கோடி, சராசரி 3.5 கோடி. ஓஹ்தானி ஒரு வருஷ ஒப்பந்தம், 3 கோடி. மூணு பேருக்கு மட்டும் 10.05 கோடி, வரம்பில 43 சதவீதம். ஒவ்வொரு அணிக்கும் ஆட்டக்காரர் நலச் செலவுன்னு 1.7 கோடி அளவுக்கு ஏறும். மிச்சம் 11 கோடிச் சில்லறையில 40 பேர் பட்டியல்ல மீதி 37 பேரை நிரப்பணும்.

மூணு பேர்ல ரெண்டோன் 2021ல 58 ஆட்டம், 2022ல 47, 2023ல 43. டிரௌட் 36, 119, 82. இவங்க ஆடாத நாள்ல அந்தப் பணமும் சேர்ந்தே வெளியே உக்காந்திருக்கு. காயப் பட்டியல்ல போனாலும் வரிக் கணக்கில இருந்து ஒரு டாலர் குறையாது.

ஆகஸ்ட் 29 அன்னிக்கு நடந்ததுக்கும் காரணம் இதுதான். ஜியோலிட்டோ, லோபெஸ், மேட் மூர், டொமினிக் லியோன், ஹண்டர் ரென்ஃப்ரோ, கிரிச்சக் ஆறு பேரையும் ஒரே நாள்ல வெய்வர்ல (பதிலுக்கு ஆள் தராமலே மத்த அணி எடுத்துக்கலாம்னு விடறது) போட்டாங்க. 2019ல இருந்து ஆகஸ்ட் டிரேட் கிடையாது, வெய்வர்ல எடுக்கற அணி மிச்சச் சம்பளத்தை அப்படியே ஏத்துக்கணும். செப்டம்பர் மாசச் சம்பளம் வருஷத்துல ஆறில் ஒரு பங்கு. கார்டியன்ஸ் ஜியோலிட்டோ, லோபெஸ், மூர் மூணு பேரையும் எடுத்தது. ரென்ஃப்ரோ ரெட்ஸுக்கு, லியோன் மாரினர்ஸுக்கு. கிரிச்சக்கை யாரும் எடுக்கலை. போன அஞ்சு பேரோட சம்பளம் குறைஞ்சதால வரம்புக்கு நூலிழை கீழே வந்து நின்னாங்க.

அந்த நூலிழையாலதான் 74ஆவது தேர்வு கிடைச்சது. வரி கட்டாத அணியோட ஆட்டக்காரர் குவாலிஃபையிங் ஆஃபரை மறுத்துட்டுப் போனா, இழப்பீடு ரெண்டாவது சுற்று முடிஞ்சு மூணாவது தொடங்கறதுக்கு முன்னாடி. வரி கட்டின அணின்னா நாலாவது சுற்றுக்கு அப்புறம். ஆறு பேரை வெய்வர்ல போடாம இருந்திருந்தா தேர்வு ஏறக்குறைய ரெண்டு சுற்று கீழே போயிருக்கும். அந்தத் தேர்வுலதான் ரையன் ஜான்சன் வந்தார், மைனர் லீக்ல ஒரு ஆட்டமும் ஆடாம 2025 தொடக்க நாள்ல நேரா ரோஸ்டர்ல ஏறினார்.

மேட்டுப்பந்து:
அருமையான விவரம். ஆனா இது என் பக்கம்தான் பேசுது. ஜூலை 26 அன்னிக்கு ஆளைக் கொடுத்து வாங்கினவங்களை ஆகஸ்ட் 29 அன்னிக்குச் சும்மா கொடுத்தாங்க. ஜியோலிட்டோ ஏஞ்சல்ஸுக்கு ஆறு ஸ்டார்ட், ஈஆர்ஏ 6.89. குவேரோ 2025ல வைட் சாக்ஸுக்கு கேட்ச் பண்ணினார்.

ஆறாம்_ஸ்டார்ட்டர்:
வரிக் கணக்கோடு சேர்த்து ஆட்ட நாள் ரோஸ்டரையும் பார்க்க வேண்டும். ஓஹ்தானி இருப்பதால் வரும் லாபமும் நெருக்கடியும் அங்கேதான் தெரியும்.

26 பேர் பட்டியலில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இருவழி ஆட்டக்காரர் என்று பதிவானவர் அந்த 13-இல் சேரமாட்டார். அதாவது ஏஞ்சல்ஸ் நடைமுறையில் 14 பிட்சர்களுடன் ஆடியது. இது லாபம். 2022 முதல், பந்து வீசி முடித்து இறங்கிய பிறகும் அவர் டிஎச் (ஃபீல்டிங் இல்லாமல் பேட் மட்டும் பிடிப்பவர்) இடத்தில் தொடரலாம். இதுவும் லாபம்.

நெருக்கடி இரண்டு. முதலாவது, அவருக்கு ஐந்து நாளாவது ஓய்வு தேவை என்பதால் ஆறு பேர் ரொடேஷன். ஐந்து பேர் ரொடேஷனில் ஒருவருக்கு 32 ஸ்டார்ட், ஆறு பேரில் 27. அந்த வித்தியாசத்தில் வரும் ஸ்டார்ட்கள் முழுக்க அணியின் ஆறாவது தர பிட்சருக்குப் போகின்றன. அந்த ஆறாவது ஆள் நல்லவராக இருந்தால்தான் இந்த ஏற்பாடு தாங்கும். ஏஞ்சல்ஸிடம் ஓஹ்தானிக்குப் பின்னால் சாண்டோவல், டெட்மர்ஸ், கேனிங், டைலர் ஆண்டர்சன், சில்செத். மூன்று வருடம் 3.9 கோடிக்கு எடுத்த ஆண்டர்சனின் ஈஆர்ஏ 5.43. கீழிருந்து ஆளை மாற்றி மாற்றிக் கொண்டுவரலாம் என்றால், மைனருக்கு அனுப்பிய பிட்சர் குறைந்தது 15 நாள் அங்கே இருக்க வேண்டும். ஒருவரை ஒரு சீசனில் ஐந்து முறைக்கு மேல் அனுப்பவும் முடியாது. 2021 டிராஃப்டில் 20 தேர்வுகளையும் பிட்சர்களுக்கே செலவிட்ட அணிக்கு இரண்டு வருடம் கழித்து ஆறாவது ஸ்டார்ட்டர் இல்லை. என்னைக் கேட்டால் ஜூலை முடிவைவிடப் பெரிய தோல்வி அதுதான்.

இரண்டாவது, டிஎச் இடம் நாள்தோறும் ஓஹ்தானிக்கு. வயதாகும் ஆட்டக்காரரை ஃபீல்டிங்கிலிருந்து விலக்கி, பேட்டை மட்டும் பிடிக்க வைத்து ஓய்வு கொடுப்பது மற்ற அணிகளின் வழக்கம். டிரௌட்டுக்கும் ரெண்டோனுக்கும் அந்த வழி அடைபட்டிருந்தது. ஒன்று முழு ஆட்டம், இல்லையென்றால் பெஞ்ச்.

கேட்சர்_மாஸ்க்:
ரொடேஷன் வாதம் முழுக்கச் சரி. டிஎச் வாதத்தை 2023-க்குப் பொருத்தாதீர்கள். டிரௌட்டுக்கு ஜூலை 3 அன்று உடைந்தது இடது கையின் ஹாமேட் எலும்பு. மட்டையின் கைப்பிடி முனை உள்ளங்கையின் அடிப்பகுதியில் அழுந்தும் இடம் அது, ஸ்விங்கில்தான் உடையும். டிஎச் ஆக இருந்தாலும் ஸ்விங் செய்துதானே ஆக வேண்டும்? ரெண்டோனுக்கு மறுநாள் தன் பேட்டிலிருந்து தெறித்த பந்தே முழங்காலுக்குக் கீழே பட்டது. கேட்சர் ஓ'ஹாப்பிக்கு ஏப்ரலில் தோள்பட்டைக் காயம், உர்ஷேலாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. எதையும் டிஎச் ஓய்வு தடுத்திருக்காது.

ஜூலை 30 டிரேடையும் குறை சொல்கிறீர்கள். முந்தைய நாள்தான் டொராண்டோவில் டெய்லர் வார்டின் முகத்தில் பந்து பட்டு எலும்பு முறிந்து, சீசனே முடிந்தது. இடது ஃபீல்டுக்கு யாரைப் போடுவது? கிரிச்சக் வந்தது அந்த இடத்துக்கு.

என் நிலைப்பாடு இதுதான்: ஓஹ்தானியை வைத்துக்கொண்டது சரி, குவேரோவைக் கொடுத்தது தவறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேச வேண்டியதில்லை.

மேட்டுப்பந்து:
பிரிக்க முடியாதுங்க, அங்கேதான் நாம மாறுபடறோம். டிரௌட், ரெண்டோன், வார்டு, உர்ஷேலா எல்லாரும் வெளியே. இந்த நிலையில ஓஹ்தானியை வச்சுக்கணும்னா சுத்தி ஓட்டையை அடைக்காம வச்சுக்க முடியாது. அடைக்கணும்னா பண்ணையில இருக்கற ஒண்ணு ரெண்டு பேரையும் கொடுத்தாகணும். ஒரு முடிவு இன்னொண்ணை இழுத்துட்டு வரும்.

அடைச்சும் தாங்கலையே. ஆகஸ்ட் 3, சியாட்டிலுக்கு எதிரா சொந்த மைதானம். ஓஹ்தானி நாலு இன்னிங்ஸ் ரன் இல்லாம போட்டுட்டு, கைத் தசை பிடிச்சு இறங்கினார், எட்டாவதுல 40ஆவது ஹோம் ரன்னும் அடிச்சார். ஒன்பதாவது இன்னிங்ஸ்ல அந்த வருஷ ஆல் ஸ்டார் எஸ்டெவெஸ், கேட் மார்லோவுக்கு கிராண்ட் ஸ்லாம் (நாலு ரன் ஹோம் ரன்) கொடுத்தார். 5-3 தோல்வி. அந்தத் தொடர் நாலும் போச்சு, மொத்தம் வரிசையா ஏழு தோல்வி. ஒரு ஆள் தன் பங்குக்கு ரெண்டு வேலையும் முடிச்சுக் கொடுத்த ஆட்டத்தையே காப்பாத்த முடியாத புல்பென்னை (ரிலீவர்கள் கூட்டம்) வச்சுக்கிட்டு மூணு நாலு ஆட்ட இடைவெளியை எப்படிக் கடக்கறது?

கேட்சர்_மாஸ்க்:
ஒரு கிராண்ட் ஸ்லாமை வைத்து ஒரு புல்பென்னை எடை போடாதீர்கள். அன்றுவரை அந்த சீசனில் எஸ்டெவெஸ் ஒரு சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது) வாய்ப்பைக்கூட நழுவவிட்டதில்லை.

சம்பளப்பட்டியல்:
ஆளையும் ஆட்டத்தையும் தாண்டி அடுத்த ரெண்டு வருஷத்தைப் பாருங்க. 2024ல 63-99, அணி வரலாற்றிலேயே அதிகத் தோல்வி. டிரௌட் 29 ஆட்டம், ரெண்டோன் 57. 2025ல 72-90, ரெண்டோன் இடுப்பு அறுவையால ஒரு ஆட்டமும் இல்லை. ஓஹ்தானி போனதால 3 கோடி விடுதலை ஆச்சு, ஆனா மத்த ரெண்டு பேரோட 7 கோடி அப்படியே நின்னது. ஜூலை 2023ல ஓஹ்தானிக்குப் பதிலா மூணு பேர் வந்திருந்தா, அவங்களுக்கு முதல் மூணு வருஷம் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். 2023ல அது 7.2 லட்சம் டாலர். மூணு பேருக்கும் சேர்த்து 22 லட்சம். அதிகச் சம்பள ஒப்பந்தங்கள் முடியற வரைக்கும் இந்த மாதிரி மலிவு ஆட்டக்காரர்கள்தான் அணியைத் தாங்க முடியும். ஏஞ்சல்ஸ் கையில நெட்டோ, ஷானுவெல், ஓ'ஹாப்பின்னு மூணு பேர் இருந்தாங்க. இன்னும் மூணு பேர் தேவைப்பட்டது.

கேட்சர்_மாஸ்க்:
அந்த மூன்று பேரில் ஓ'ஹாப்பி எப்படி வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2022 ஆகஸ்டில் பிராண்டன் மார்ஷை ஃபிலீஸுக்குக் கொடுத்து, ஒருவருக்கு ஒருவர். மார்ஷுக்கு அப்போது ஐந்து வருடக் கட்டுப்பாடு (அணி அவரை வைத்துக்கொள்ளும் உரிமை) மீதம். அதே நாளில் வாடகை ஆட்டக்காரரான சிண்டர்கார்டுக்கு அதே ஃபிலீஸ் கொடுத்தது மோனியாக்கும் ஹடியல் சாஞ்செஸும். மோனியாக்கை 2025 மார்ச்சில் ஏஞ்சல்ஸே விடுவித்துவிட்டது. வாங்கியவரும் ஒருவர், விற்றவரும் ஒருவர், நாளும் ஒன்று. வருடக் கட்டுப்பாடு இருந்தவருக்கு நிலையான கேட்சர், வாடகைக்கு விடுவிக்கப்பட்ட அவுட்ஃபீல்டர் என்ற அளவில்தான் சந்தை நடந்தது. விற்க வேண்டிய நாள் 2022 ஆகஸ்ட் 2. அன்று ஓஹ்தானியிடம் ஏறக்குறைய ஒன்றேகால் வருடம் மீதம் இருந்தது, வாங்கும் அணி குவாலிஃபையிங் ஆஃபரும் கொடுத்திருக்கலாம். அதே நாளில் நேஷனல்ஸ் ஹுவான் சோட்டோவைக் கொடுத்து ஏப்ராம்ஸ், மெக்கென்ஸி கோர், ஜேம்ஸ் வுட் எல்லாரையும் வாங்கியது.

மேட்டுப்பந்து:
2022ல வித்திருக்கணும்ங்கறீங்கன்னா, அதை முழுசா ஏத்துக்கறேன். ஆனா முதல் கெடுவைத் தவறவிட்டவங்க ரெண்டாவது கெடுவையும் விட்டதுக்கு அது காரணம் ஆகாது. விலை பாதியா குறைஞ்சிருந்தாலும் 74ஆவது தேர்வைவிட மேலதான் இருந்திருக்கும்.