பாலிமார்க்கெட்ல எலெக்‌ஷன் பெட் கட்டுனா சட்டப்படி மாட்டுவோமா?

நொய்யல்வாசி:
மக்களே, தெரிஞ்சவங்க சொல்லுங்க. அமெரிக்க மிட்டெர்ம் எலெக்‌ஷனுக்கு பாலிமார்க்கெட்ல, அதான் எது நடக்கும்னு காசு கட்டுற அமெரிக்க சைட்ல, கொஞ்சம் காசு போடலாம்னு இருக்கேன், அந்த ஊர் அரசியல் எனக்கு ஓரளவு அத்துப்படி. இது சூதாட்டமே இல்ல, ஷேர் மாதிரிதான், 'யெஸ்' 40 சென்டுக்கு வாங்கி ஜெயிச்சா 1 டாலர், பிடிக்கலனா நடுவுலயே வித்துட்டு வரலாம், எல்லாம் டாலர் மதிப்புள்ள யுஎஸ்டிசிங்கற க்ரிப்டோ காயின்ல ஓடுது, பேங்குக்கே தெரியாதுனு ஃப்ரெண்டு ஒருத்தன் ஏத்தி விடுறான். ஆனா 2025 ஆகஸ்ட்ல ஆன்லைன் காசு விளையாட்டுக்கு தடை சட்டம் வந்து, இங்க இதே மாதிரி ஓடுன ப்ரோபோ ஆப்பே கடைய மூடிட்டாங்களே? ஆடுறவனுக்கு தண்டனை கிடையாதுன்னும் எங்கயோ படிச்சேன். இருக்கறது கோயம்புத்தூர்.

வாய்தா:
நான் வக்கீல் இல்ல, ஆனா சட்டத்த படிச்சிருக்கேன். அந்த 2025 சட்டத்துல திறமையா அதிர்ஷ்டமாங்கற பேச்சே கிடையாது, காசு கட்டி காசு எதிர்பார்த்தா அது மணி கேம்தான், காசுங்கறதுல காயின், டோக்கன் எல்லாத்தையும் சேர்த்துதான் எழுதி வச்சிருக்காங்க, அதனால யுஎஸ்டிசினு சொல்லி நழுவ முடியாது. நடத்துறவனுக்கு 3 வருஷம், 1 கோடி வரைக்கும். ஆடுறவன விட்டுட்டாங்க, அது சரி. ஆனா அது மத்திய சட்டம். தமிழ்நாட்டுக்குனு 2022 சட்டம் தனியா இருக்கு, அதுல ஆன்லைன்ல பெட் கட்டுறவனுக்கே 3 மாசம் வரைக்கும் ஜெயில், இல்லனா 5,000 ரூபா ஃபைன், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். 2023 நவம்பர்ல ஹைகோர்ட் திறமை ஆட்டம்னு ரம்மி, போக்கர மட்டும்தான் அதுலருந்து வெளிய எடுத்துச்சு. எலெக்‌ஷன கணிக்கறதும் திறமைதான்னு வாதாடி முதல் கேஸா நீங்க நிக்கணும்னா தாராளமா நில்லுங்க.

வரியும் இருக்கு. க்ரிப்டோ லாபம்னு காட்டுனா 30%, நஷ்டத்த கழிக்க விடமாட்டான். ஆன்லைன் கேம்ல ஜெயிச்சதுனு காட்டுனாலும் 30%தான், ஆனா அப்ப சூதாடுனேன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

எடிசன்காரன்:
நியூஜெர்சிலருந்து. இங்கயே இது ஒரு நிலையா இல்லங்க. 2022 ஜனவரில சிஎஃப்டிசிங்கற அமெரிக்க சந்தை கண்காணிப்பு அமைப்பு பாலிமார்க்கெட்டுக்கு 14 லட்சம் டாலர் ஃபைன் போட்டுச்சு, அமெரிக்காகாரங்கள உள்ள விடக்கூடாதுன்னுச்சு. 2024ல ட்ரம்ப் ஜெயிச்ச அடுத்த வாரம் எஃப்பிஐ அதோட சிஇஓ ஷேன் கோப்லான் வீட்டுக்குள்ள பூந்து போன தூக்கிட்டு போச்சு. அடுத்த ஜூலைலயே விசாரணைய ஊத்தி மூடிட்டாங்க, பாலிமார்க்கெட்காரங்க லைசென்ஸ் இருக்கற ஒரு எக்ஸ்சேஞ்ச 11.2 கோடி டாலருக்கு வாங்கி முன்வாசல் வழியா திரும்பி வந்தாங்க, ஆகஸ்ட்ல ட்ரம்ப் பையன் அட்வைசரி போர்டுல உக்காந்தாச்சு. சட்டம் மாறுச்சா, ஆள் மாறுனாங்களானு நீங்களே பாத்துக்கங்க. அந்த எலெக்‌ஷன்ல ஒரு பிரெஞ்சுக்காரர் ட்ரம்ப் மேல கட்டி கோடிக்கணக்குல அள்ளுனாரு, அது வெளிய வந்ததும் பிரான்ஸ் நோண்ட ஆரம்பிச்சு அந்த ஊர்ல பெட் கட்டறதையே நிறுத்த வச்சாங்க. சிங்கப்பூர் 2025 ஜனவரில சைட்டையே ப்ளாக் பண்ணிடுச்சு.

சால்னா:
சட்டத்த விடுங்க, யாரு ஜெயிச்சானு முடிவு பண்றது யாருனு பாத்தீங்களா? தகராறுனு வந்தா யுமானு ஒரு டோக்கன் வச்சிருக்கறவங்க ஓட்டு போடுவாங்க, எவன்கிட்ட டோக்கன் ஜாஸ்தியோ அவனுக்கு ஓட்டு ஜாஸ்தி. 2025ல உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கி சூட் போடுவாரானு ஒரு பெட் ஓடுச்சு. ஜூன்ல அவரு நேட்டோ மாநாட்டுக்கு கருப்பு ஜாக்கெட்டும் அதே துணில பேன்ட்டும் போட்டு வந்தாரு, பேப்பர்காரங்க சூட்டுனுதான் எழுதுனாங்க, கடைசில தீர்ப்பு 'நோ'. அந்த ஒரு மார்க்கெட்ல மட்டும் 20 கோடி டாலருக்கு மேல கைமாறுச்சு. ஒரு கோட்டு சூட்டா இல்லையாங்கறதுக்கு! அதே வருஷம் மார்ச்ல அமெரிக்கா-உக்ரைன் கனிம ஒப்பந்தம் நடக்குமாங்கற பெட்ட, அது கையெழுத்தாகறதுக்கு முன்னாடியே 'யெஸ்'னு முடிச்சுவிட்டாங்க, கம்பெனி தப்புதான்னு ஒத்துக்கிச்சு, ஆனா ரீஃபண்ட் கிடையாதுனுடுச்சு. இங்க இருந்துக்கிட்டு எந்த ஸ்டேஷன்ல போய் புகார் குடுப்பீங்க?

கெடிலம்:
பேங்குக்கு தெரியாதாம், நல்லா சொன்னான். யுஎஸ்டிசிய ரூபாயா மாத்தித்தான ஆகணும்? எங்க ஆபீஸ் பையன் பி2பில, அதான் நேரா இன்னொரு ஆளுக்கே, வித்தான், வாங்குனவன் அனுப்புன காசு எங்கயோ எவனையோ ஏமாத்துன காசு, வடநாட்டு சைபர் க்ரைம்லருந்து பேங்குக்கு மெயில் வந்து அக்கவுண்ட்ல லியன் போட்டு காச எடுக்க முடியாம பண்ணிட்டாங்க, சம்பளமும் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு. ஏன் வித்தே, எதுக்கு வித்தேனு அவங்க கேட்டா நீங்க என்ன பதில் சொல்லுவீங்க, பெட் கட்டி ஜெயிச்சேன்னா?

நொய்யல்வாசி:
சரி, புரியுது. ஃப்ரெண்டுகிட்ட கேட்டேன், விபிஎன் போட்டுக்கலாம்கறான்.

வாய்தா:
விபிஎன் ஐபிய மறைக்கும். உங்க பேங்க் ஸ்டேட்மென்ட்ட எத வச்சு மறைப்பான்னு கேளுங்க.