கானாடுகாத்தானிலிருந்து அரிச்சல்முனை வரை மின்சாரக் காரில்: வீட்டில் சார்ஜ் ஏறவில்லை

கானாடுகாத்தான் பேரன் எழுதியது:

சென்னையில் வேலை. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அப்பத்தாவுக்கு 81 வயது. அக்னி தீர்த்தத்தில் இன்னொரு முறை கால் நனைக்க வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த முறை அழைத்துப் போய்விடலாம் என்று புது மின்சாரக் காரை ஓட்டிக்கொண்டே வந்துவிட்டேன். தேவகோட்டை, தேவிபட்டினம் வழியாக இராமேசுவரம், அங்கிருந்து அரிச்சல்முனை என்பது திட்டம். வண்டியில் ஐந்து பேர். பேட்டரி 40 யூனிட். காகிதத்தில் 450 கிலோமீட்டர், என் கையில் இதுவரை 260-ஐத் தாண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். வண்டியோடு தந்த சார்ஜரை வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது, எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் கம்பி) இல்லை என்கிறது. அதே சார்ஜர் சென்னையில் ஒரு நாள்கூட முரண்டு பிடித்ததில்லை. வீடு தாத்தாவின் அப்பா கட்டியது. மீட்டர் முகப்பில் இருக்கிறது, வண்டி நிற்பதோ பின்தெருவில். முன்வாசலில் படியும் திண்ணையும் இருப்பதால் பின்கட்டுக் கதவு வழியாகத்தான் ஒயர் இழுக்க வேண்டும். நாளை மறுநாள் கிளம்ப வேண்டும். என்ன செய்யலாம்?

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

மிகச் சுலபம். பிளக்கைக் கழற்றி, உள்ளே நியூட்ரல் முனைக்கும் எர்த் முனைக்கும் ஒரு சிறு ஒயர் துண்டு கொடுத்துவிடுங்கள். உடனே பச்சை விளக்கு எரியும். நான் ஆறு மாதமாக இப்படித்தான் ஏற்றுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பள்ளத்தூர் ஒயர்மேன் எழுதியது:

மேலே சொன்னதைச் செய்யாதீர்கள், தம்பி. இதை எழுதிய அன்பரும் இன்றைக்கே அந்த ஒயர்த் துண்டைப் பிடுங்கி எறியட்டும். முப்பத்திரண்டு வருடம் இந்த ஊர்களில் ஒயரிங் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

ஆறு மாதம் ஒன்றும் ஆகவில்லை என்றால் ஆறு மாதமாக நியூட்ரல் கம்பி அறுபடவில்லை என்று மட்டும்தான் பொருள். எங்காவது ஒரு இணைப்பில், போர்டில் ஒரு திருகு தளர்ந்தால்கூடப் போதும், திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் அந்தத் துண்டு ஒயர் வழியாக உங்கள் காரின் உடம்புக்கு வந்துவிடும். முழு 230 வோல்ட். டயர் ரப்பர் என்பதால் வண்டி சத்தமில்லாமல் நிற்கும், அப்பத்தா ஈரக்கையோடு கதவுக் கைப்பிடியைத் தொடும்வரை. சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டுவது பழுதல்ல. அந்த வீட்டில் இத்தனை வருடமாக யாரும் சொல்லாத உண்மையை அது சொல்கிறது.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். எர்த் கம்பியைத் தனியாகக் குழி தோண்டி இறக்காமல், கிணற்றடி இரும்புக் குழாயில் கவ்விவிட்டிருப்பார்கள். அன்றைக்கு அது வேலை செய்தது. பிறகு மோட்டார் வைத்தபோது இரும்பைக் கழற்றிவிட்டு பி.வி.சி. குழாய் போட்டார்கள். கவ்வியும் கம்பியும் அப்படியே தொங்கும், ஆனால் மண்ணைத் தொடாது. குழி இருந்தாலும் நம் செம்புறாங்கல் தரை கோடையில் காய்ந்து மின்சாரத்தை உள்வாங்காது. அதனால்தான் உப்பும் அடுப்புக்கரியும் போட்டுக் குழாயை நிறுத்தி, மேலே புனல் வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்வோம். புனல் வைத்த வீடுகள் உண்டு. ஊற்றிய வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆகவே ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்து, பின்கட்டுக்குப் பக்கத்திலேயே புதுக் குழி எடுக்கச் சொல்லுங்கள். எட்டடி ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்பு), உப்பு, கரி. அரை நாள் வேலை. அடுத்தது ஒயர். முகப்பிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு, சமையல்கட்டு எல்லாம் தாண்டிப் பின்தெருவுக்கு 150 அடிக்குக் குறையாது. ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் இவ்வளவு தூரம் இழுத்தால் வழியிலேயே 15 வோல்ட் தொலையும், ஒயரும் சுடும். 4 ஸ்கொயர் செம்பு ஒயர் தனியாக இழுத்து, எர்த் கசிவைக் கண்டால் அறுத்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. ஆத்தங்குடி கல் பதித்த தரையில் ஒயரைத் தரையோடு விட்டு, அதில் ஒரு ஆச்சி தடுக்கி விழுந்த கதையும் எனக்குத் தெரியும்.

இனிப் பயணக் கணக்கு. உங்கள் ஊரிலிருந்து இராமேசுவரம் ஏறத்தாழ 155 கிலோமீட்டர். ஐந்து பேர், ஏ.சி.யும் ஓடும். ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்றே வையுங்கள், 26 யூனிட் போகும். மிச்சம் 14. அன்றைக்கே அரிச்சல்முனைக்கு ஓடாதீர்கள், மாலையானால் அங்கிருந்து எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள். இரவு தங்கி 15 ஆம்பியரில் பத்து மணி நேரம் போட்டால் 26, 27 யூனிட் ஏறிவிடும். காலையில் போக வர 45 கிலோமீட்டர், பிறகு நேராக வீடு. வேகச் சார்ஜர் இல்லாமலே முடிகிற பயணம் இது. இரண்டு முனையிலும் நல்ல எர்த் வேண்டும், அவ்வளவுதான். மூன்று விளக்கு உள்ள பிளக் டெஸ்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். விடுதியில் முன்பணம் கட்டுவதற்கு முன் அதைச் செருகிப் பாருங்கள்.

கவுனியரிசி எழுதியது:

அண்ணன் சொன்னதற்குப் பிறகு நான் சொல்ல அதிகமில்லை. போன மாதம் போய் வந்தோம். 1988-இல் திறந்த அந்தப் பாம்பன் சாலைப் பாலத்தில் எல்லோரும் நிறுத்திப் படம் எடுப்பதால் நெரிசலில் நாற்பது நிமிடம் நின்றோம். பயந்தது போல் பேட்டரி கரையவில்லை, ஏ.சி.க்கு மட்டும் ஏதோ செலவானது. உப்பூரில் வெயிலுகந்த விநாயகரை விட்டுவிடாதீர்கள், அப்பத்தாவுக்கு இறங்கி நடக்க எளிது. தனுஷ்கோடி போகும் வழியில் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீரில் பூநாரைகள் நின்றன. கண்ணாடியை இறக்கினோம். எஞ்சின் சத்தம் இல்லாததால் அவை தலையைக்கூடத் தூக்கவில்லை.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

துண்டு ஒயரை எடுத்துவிட்டேன். இப்போது சிவப்பு விளக்குதான் எரிகிறது. திங்கட்கிழமை குழி தோண்ட ஆள் வருகிறார்.

கானாடுகாத்தான் பேரன் எழுதியது:

போய் வந்துவிட்டோம். குழி தோண்டியவர் பழைய எர்த் கம்பியைத் தேடிப் போனார். அது ஐயா சொன்னபடியே கிணற்றடியில்தான் முடிந்தது, சுவரில் ஓர் ஆணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. புதுக் குழியில் உப்பும் கரியும் போட்டு முடித்த அன்று இரவே பச்சை விளக்கு எரிந்தது. முதலில் பார்த்த விடுதியில் டெஸ்டர் தவறான விளக்கைக் காட்டியது, இரண்டாவது இடத்தில் தங்கினோம். இராமேசுவரம் சேர்ந்தபோது 33 சதவீதம், இரண்டாம் நாள் வீடு சேர்ந்தபோது 27. அப்பத்தா தண்ணீரில் அரை மணி நேரம் நின்றார். திரும்பும் வழியெல்லாம் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பள்ளத்தூர் ஒயர்மேன் எழுதியது:

நல்லது. புனலில் தண்ணீர் ஊற்றினீர்களா? அதைப் பற்றி ஒரு வரியும் காணோமே.