பலா வேரில் நாரைப் பறவை செதுக்குகிறேன், பூச்சிக்கு என்ன செய்வது?

வணக்கம். 2018 கஜா புயலில் பேராவூரணிப் பக்கம் எங்கள் கொல்லையில் சாய்ந்த பலாமரத்தின் அடிவேர் மாட்டுக்கொட்டகை ஓரமாகவே கிடந்தது, போன மாதம் புரட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் அப்படியே கழுத்தை வளைத்து நிற்கிற நாரை! விடுவேனா. கொட்டாப்புளியும் இரண்டு உளியுமாக உட்கார்ந்துவிட்டேன்.

வைரம் பாய்ந்த உள்பகுதி நல்ல மஞ்சளாக, கெட்டியாக இருக்கிறது. வெளிப்பக்கத்து வெள்ளையில்தான் தொல்லை, குண்டூசித் தலை அளவு ஓட்டைகள், தட்டினால் மாவு மாதிரி தூள் கொட்டுகிறது. அந்த வெள்ளையில் இருக்கும் மாவுச்சத்தைத் தின்ன வரும் வண்டாம். முழுக்கச் சீவிவிடலாம்தான், ஆனால் நாரையின் அலகே அந்த வெள்ளையில் வருகிறதே!

வெண்காரமும் போரிக் பவுடரும் வெந்நீரில் கரைத்துப் பூசலாம் என்று தெரியும். ஏற்கனவே உள்ளே போன புழு வரைக்கும் அது இறங்குமா, இல்லை ஊசி வைத்து ஓட்டை ஓட்டையாகச் செலுத்த வேண்டுமா? யாராவது செய்து பார்த்திருந்தால் அளவோடு சொல்லுங்கள்.

அப்புறம் கழுத்தில் ஒரு விரல் நுழைகிற வெடிப்பு. மரத்தூளும் பெவிகாலும் குழைத்து அடைத்தேன், பத்து நாளில் விட்டுப்போச்சு. அதே பலாவில் ஆப்பு சீவி இறக்கலாமா, அல்லது வெடிப்பை அப்படியே விட்டால் பார்க்க நன்றாக இருக்குமா? வேர் இடுக்கில் சிக்கின கல்லில் பட்டு ஒரு உளி வாய் போனது தனிக்கதை.

வார்னிஷ் பளபளப்பு எனக்குப் பிடிக்காது, எண்ணெய் மட்டும் போடுகிறவர்கள் எந்த எண்ணெய் என்று சொன்னால் போதும்.